எடையா, வம்சமா? கருப்பைப் புற்றுநோய் பற்றிய கேள்வி–பதில்

கருப்பைப் புற்றுநோய் என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் இரண்டு வேறு நோய்கள் இருக்கின்றன. ஒன்று கருப்பையின் வாயில், கழுத்துப் பகுதியில் வருவது. மற்றது கருப்பைக்குள்ளே, மாதாமாதம் வளர்ந்து உதிரும் உட்படலத்தில் வருவது. இந்த இதழில் இரண்டாவதைப் பற்றி வந்த கடிதங்களுக்கு மட்டும் பதில் தருகிறோம். பெயர் போட வேண்டாமென்று பலர் கேட்டிருப்பதால் ஊர்ப் பெயர் மட்டும்.

அம்மாவுக்கு 61 வயது. மாதம் நின்று பத்து வருடமாகிறது. தைப்பொங்கலுக்குப் பிறகு இரண்டு தடவை லேசாக இரத்தம் பட்டது. உடம்புச் சூடு என்று வெந்தயம் ஊறவைத்துக் குடிக்கிறார். ஆள் நல்ல மெலிவு. இந்தப் புற்றுநோய் குண்டானவர்களுக்குத்தான் வரும் என்கிறார்களே, கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாமா?
— வாசகி, தலவாக்கலை

பொறுக்க வேண்டாம். இந்த வாரமே கூட்டிக்கொண்டு போங்கள். மாதவிடாய் முழுதாக ஒரு வருடம் நின்றுபோன பிறகு ஒரு சொட்டுப் பட்டாலும் காரணத்தைப் பார்த்தே ஆகவேண்டும். எவ்வளவு பட்டது, எத்தனை நாள் பட்டது என்பதெல்லாம் இங்கே கணக்கில்லை. பழுப்பு நிறக் கசிவும் இரத்தம்தான். வெந்தயம் கெடுதல் செய்யாது, ஆனால் நாளைக் கடத்திவிடும்.

இப்படிப் போகிற 100 பெண்களில் சுமார் 90 பேருக்குப் புற்றுநோய் இருக்காது. ஹோர்மோன் குறைந்ததால் உட்படலம் மெலிந்து கசிவது, உள்ளே சின்னச் சதை வளர்ந்திருப்பது போன்றவையே காரணமாக இருக்கும். மிச்சம் பத்துப் பேரளவில்தான் புற்றுநோய். ஆனால் மாதவிடாய் நின்ற பின் இந்த நோய் வந்த பெண்களைத் திரும்பிக் கேட்டால், 100க்கு 90 பேர் முதலில் கண்டது இந்த இரத்தத்தைத்தான். நோய் கருப்பையைத் தாண்டுவதற்கு முன் பிடித்துவிட்டால் ஐந்து வருடம் கடந்து வாழ்பவர்கள் 100க்கு 90 பேருக்கு மேல்.

மெலிந்தவர்களுக்கு வராது என்பது பிழை. எடையோடு சேர்ந்து வருவது ஒரு வகை; அதுதான் அதிகம், மெதுவாக வளர்வதும் அதுதான். எடையைப் பார்க்காமல், பெரும்பாலும் 60ஐத் தாண்டியவர்களுக்கு வருகிற இன்னொரு வகை இருக்கிறது. அது குறைவு, ஆனால் வேகமானது. மூன்றாவது, பரம்பரையாக வருவது. அதைப் பிறகு பார்ப்போம்.

தோட்டத்து ஆஸ்பத்திரியில், பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் சிபாரிசுத் துண்டு வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். "இரத்தப்போக்கு" என்று மட்டும் எழுதினால் சாதாரண மாதவிடாய்த் தொல்லை என்று நினைத்து, கிளினிக்கில் வரிசையின் கடைசிக்குத் தள்ளிவிட இடமுண்டு. "வயது 61, மாதவிடாய் நின்று பத்து வருடத்துக்குப் பின் இரத்தம்" என்று முதல் வரியிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். அதோடு நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலையில் வி.ஓ.ஜி. (மகப்பேற்று, பெண்நோய் நிபுணர்) கிளினிக்கைக் கேளுங்கள். சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் கையோடு கொண்டு போங்கள். இரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரை இருந்தால் அதை மறக்காமல் சொல்லுங்கள். அந்த மாத்திரையால்தான் இரத்தம் படுகிறது என்று நீங்களே முடிவுகட்டி வீட்டில் இருந்துவிடவும் கூடாது.

அங்கே முதலில் யோனிவழி ஸ்கேன் செய்வார்கள். அதற்குச் சிறுநீர் கழித்துவிட்டுப் போகவேண்டும். வயிற்றுக்கு மேலே வைத்துச் செய்வதென்றால் மாறாகத் தண்ணீர் குடித்துச் சிறுநீர்ப்பை நிரம்பியிருக்க வேண்டும். உட்படலம் 4 மில்லிமீற்றர் அல்லது அதற்குக் கீழே இருந்தால் புற்றுநோய் இருக்கும் சாத்தியம் நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. அதைவிடத் தடித்திருந்தால் பயொப்ஸி. சுமார் 3 மில்லிமீற்றர் தடிப்பான மெல்லிய பிளாஸ்ரிக் குழாயை உள்ளே விட்டுக் கொஞ்சம் இழையத்தை உறிஞ்சி எடுப்பார்கள். மாதவிடாய் வலிபோல ஓரிரு நிமிடம் இழுத்துப் பிடிக்கும். ஒரு மணி நேரத்துக்கு முன் 500 மில்லிகிராம் பரசிட்டமோல் இரண்டு போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டுக்கொண்டு போனால் நல்லது.

பலர் கோட்டை விடுவது இதற்குப் பிறகுதான். "போதிய மாதிரி கிடைக்கவில்லை" என்று ரிப்போர்ட் வந்தால் நோய் இல்லை என்று அர்த்தமில்லை. பரிசோதனையே நடக்கவில்லை என்றுதான் அர்த்தம். அதேபோல, எல்லாம் சரி என்று ரிப்போர்ட் வந்த பிறகு திரும்பவும் இரத்தம் பட்டால் திரும்பவும் போகவேண்டும். அந்தத் தடவை சின்னக் கமெராவை உள்ளே விட்டுக் கண்ணால் பார்த்து எடுப்பதுதான் முறை, ஏனென்றால் குழாய் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பது. ஒரு மூலையில் இருக்கும் கட்டி அதற்குத் தப்பிவிடும்.

கொழுந்து எடுத்த காலத்தில் 52 கிலோ இருந்தேன். வேலையை விட்டு மகனோடு டவுனுக்கு வந்து ஆறு வருடம், இப்போது 68 கிலோ. உயரம் 150 சென்ரிமீற்றர். வயது 57. எடை கூடினால் மூட்டு வலிக்கும், சீனி வரும், அது விளங்குகிறது. கர்ப்பப்பைக்கும் எடைக்கும் என்ன சம்பந்தம்?
— வாசகி, ஹட்டன்

கொழுப்பை நாம் ஒரு மூட்டை மாதிரி நினைக்கிறோம். உடம்புக்கு அது ஹோர்மோன் செய்கிற ஒரு சுரப்பி. மாதவிடாய் நின்ற பிறகு சூலகம் ஈஸ்ட்ரஜன் என்ற பெண் ஹோர்மோனைச் செய்வதை நிறுத்திவிடும். ஆனால் சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அதிரீனல் சுரப்பி வெளிவிடும் ஒரு ஹோர்மோனை எடுத்து, கொழுப்புத் திசு ஈஸ்ட்ரஜனாக மாற்றிக்கொண்டே இருக்கும். அரோமற்றேஸ் என்ற நொதியம் கொழுப்பில் இருக்கிறது. அதன் வேலை அது. கொழுப்பு கூடினால் ஈஸ்ட்ரஜனும் கூடும்.

ஈஸ்ட்ரஜன் உட்படலத்தை வளரச் சொல்லும். புரொஜெஸ்ரரோன் "போதும், நிறுத்து" என்று சொல்லும். மாதவிடாய் வரும் வயதில் இரண்டும் மாறி மாறி வரும், வளர்ந்தது உதிரும். மாதவிடாய் நின்ற பிறகு நிறுத்தச் சொல்ல ஆளில்லை, வளரச் சொல்லும் குரல் மட்டும் கொழுப்பிலிருந்து வந்துகொண்டிருக்கிறது. வருடக்கணக்கில் இப்படி வளர்கிற கலங்களில் எங்காவது பிழை விழும். இன்னும் இரண்டு காரியம் நடக்கிறது: எடை கூடும்போது இன்சுலின் இரத்தத்தில் கூடுகிறது, அதுவும் கலங்களை வளர்க்கும். இரத்தத்தில் ஈஸ்ட்ரஜனைக் கட்டிப் பிடித்து வைக்கும் புரதம் குறைகிறது, அதனால் கட்டில்லாத ஈஸ்ட்ரஜன் கூடுகிறது. சீனி வருத்தம் உள்ள பெண்களுக்கு இந்தப் புற்றுநோய் ஏறக்குறைய இரண்டு மடங்கு வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி உங்கள் கணக்கு. எடையைக் கிலோவில் எடுத்து, மீற்றரில் உள்ள உயரத்தால் இரண்டு தடவை வகுங்கள். 68ஐ 1.5ஆல் வகுத்து, வந்ததைத் திரும்ப 1.5ஆல் வகுத்தால் 30.2. இதுதான் உடற்றிணிவுச் சுட்டி. ஆசிய நாட்டவர்க்கு 23க்கு மேல் கவனம், 27.5க்கு மேல் அதிக ஆபத்து என்று உலக சுகாதார நிறுவனம் கோடு போட்டிருக்கிறது. வெள்ளைக்காரர்களுக்குப் போட்ட 25, 30 என்ற கோடு நமக்குப் பொருந்தாது. குறைந்த எடையிலேயே நமக்கு வயிற்றில் கொழுப்புச் சேர்ந்துவிடும். உங்கள் உயரத்துக்கு 23 என்பது 52 கிலோ, 27.5 என்பது 62 கிலோ. இடுப்புச் சுற்றளவையும் அளந்து பாருங்கள். பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர் எல்லை.

சுட்டி 5 கூடும் ஒவ்வொரு தடவையும் இந்த நோயின் ஆபத்து சுமார் ஒன்றரை மடங்காகிறது. உங்கள் உயரத்தில் 5 என்பது 11 கிலோ. நீங்கள் ஏறியது 16 கிலோ, ஆகவே ஏறக்குறைய இரண்டு மடங்குக்குக் கிட்ட வந்திருக்கிறீர்கள். சுட்டி 40ஐத் தாண்டியவர்களுக்கு ஏழு மடங்கு வரை போகிறது. வேறெந்தப் புற்றுநோயும் எடையோடு இவ்வளவு இறுக்கமாகக் கட்டுப்பட்டிருக்கவில்லை. ஆனால் மடங்கு என்ற சொல்லைக் கேட்டுப் பயப்படுவதற்கு முன் எதன் மடங்கு என்று கேட்க வேண்டும். இந்த நோய் நிறைய வருகிற அமெரிக்காவிலேயே வாழ்நாளில் 100 பெண்களில் சுமார் 3 பேருக்குத்தான் வருகிறது. அதன் இரண்டு மடங்கு 6. மிச்சம் 94 பேருக்கு வராது. அதனால் எடை கூடிய பெண்ணெல்லாம் பாதுகாப்புக்காகக் கர்ப்பப்பையை எடுத்துவிடுவது அறிவில்லாத வேலை.

குறைத்தால் பலனுண்டா? உண்டு. மாதவிடாய் நின்ற 36,000க்கும் மேற்பட்ட அமெரிக்கப் பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2017இல் வெளியான ஆய்வில், எடையில் 5 சதவீதமோ அதற்கு மேலோ குறைத்தவர்களுக்கு இந்த நோய் 29 சதவீதம் குறைவாக வந்தது. அதிகக் குண்டாயிருந்து, வேண்டுமென்று முயன்று குறைத்தவர்களுக்குப் பாதிக்கு மேல் குறைந்தது. 68 கிலோவில் 5 சதவீதம் என்பது மூன்றரைக் கிலோதான். 52க்குத் திரும்ப வேண்டும் என்று நினைத்தால் இரண்டாம் மாதமே கைவிட்டுவிடுவீர்கள். முதலில் 64ஐ மட்டும் நினையுங்கள்.

மலை ஏறி இறங்கிய காலத்தில் நாள் முழுக்கக் கூடையோடு நடந்தீர்கள். அப்போது சாப்பிட்ட ரொட்டியும் தேத்தண்ணியும் எரிந்துபோனது. நடை நின்றது, ரொட்டி நிற்கவில்லை. 100 கிராம் கோதுமை மாவில் 30 கிராம் தேங்காய்ப்பூ போட்டுச் சுட்டால் அந்த ரொட்டியில் 450 கலோரிக்கு மேல் இருக்கிறது. நாளைக்கு ஐந்து கோப்பைத் தேத்தண்ணி, கோப்பைக்கு மட்டமாக இரண்டு தேக்கரண்டி சீனி என்றால் 40 கிராம், 160 கலோரி. மாதத்துக்கு 1 கிலோ 200 கிராம் சீனி, ஒரு ஆளுக்கு. தேயிலை நாட்டில் இருந்துகொண்டு தேத்தண்ணியை விடச் சொல்லவில்லை. கோப்பைக்குப் போடும் சீனியை வாரத்துக்கு அரைக் கரண்டி வீதம் குறைத்து வந்தால் ஒரு மாதத்தில் நாக்கு பழகிவிடும். ஒரேயடியாக நிறுத்தினால் பிஸ்கட்டில் போய் நிற்பீர்கள், அது இன்னும் மோசம்.

தட்டில் பாதி மரக்கறி இருக்கட்டும். நம் பக்கத்தில் கோவா, போஞ்சி, லீக்ஸ், நோக்கோலுக்குப் பஞ்சமில்லை. உருளைக்கிழங்கைக் கறி என்று கணக்கில் எடுக்காதீர்கள், அது சோற்றோடு சேர்ந்தது. பருப்போ முட்டையோ மீனோ கால் தட்டு, சோறு கால் தட்டு. வாரத்துக்கு 150 நிமிட வேக நடை. ஏற்றத்தில் நடந்தால் அதில் பாதி போதும். ஹட்டனில் சமதரையைத் தேடத்தான் கஷ்டம், ஏற்றத்துக்கு என்ன குறை! முட்டி வலி இருந்தால் இறக்கம்தான் வலியைக் கூட்டும். ஏறி நடந்துவிட்டு பஸ்ஸில் திரும்பி வாருங்கள்.

சீனியும் பிரஷரும் பார்க்க, 35 வயதைத் தாண்டியவர்களுக்கு அரசாங்க ஆஸ்பத்திரிகளில் உள்ள ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையத்தில் இலவசம். எடையையும் உயரத்தையும் எடுத்துச் சுட்டியை அவர்களே எழுதித் தருவார்கள்.

சுவநாரி கிளினிக்கில் போன வருடம் பரிசோதித்துச் சுகமென்றார்கள். அது போதும்தானே?
— வாசகி, கொட்டகலை

போதாது. 1996இலிருந்து நடக்கும் சுவநாரி என்ற சுகவனிதையர் கிளினிக்கில் எடுப்பது கருப்பைக் கழுத்துக் கலங்கள். கழுத்துப் புற்றுநோய்க்கு அது மிக நல்ல பரிசோதனை, தவறாமல் போங்கள். உட்படலப் புற்றுநோயைத் தேட அது ஏற்பட்டதல்ல. உட்படலத்துக்கு, அறிகுறியே இல்லாத எல்லாப் பெண்களுக்கும் செய்வதற்கென்று நம்பத்தக்க பரிசோதனை எந்த நாட்டிலும் இல்லை. இரத்தத்தைக் கவனிப்பதுதான் பரிசோதனை.

மகளுக்கு 24 வயது, 79 கிலோ. வருடத்துக்கு இரண்டு மூன்று தடவைதான் மாதவிடாய் வருகிறது. ஸ்கேனில் சூலகத்தில் நீர்க்கட்டிகள் என்றார்கள். கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்று மாமியார் சொல்கிறார்.
— வாசகி, பண்டாரவளை

கல்யாணம் மருந்தல்ல. முட்டை வெளிவராத மாதங்களில் புரொஜெஸ்ரரோன் சுரக்காது. ஈஸ்ட்ரஜன் மட்டும் உட்படலத்தை வளர்த்துக்கொண்டிருக்கும். மேலே 57 வயதுக்காரருக்குச் சொன்ன அதே கதை இங்கே 24 வயதில் நடக்கிறது. இந்தக் கோளாறு உள்ள பெண்களுக்கு உட்படலப் புற்றுநோய் மற்றவர்களைவிட இரண்டரை, மூன்று மடங்கு. இருபதுகளில் அது மிக அரிது, ஆனால் விதை போடும் வயது இது.

மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது உட்படலம் உதிர வேண்டும். தானாக வராவிட்டால் டொக்டர் மெட்ரொக்ஸிபுரொஜெஸ்ரரோன் போன்ற மாத்திரையை 10 முதல் 14 நாட்களுக்குத் தருவார். நிறுத்திய சில நாட்களில் இரத்தம் வரும். அது வந்தால் வேலை செய்தது என்று பொருள். குழந்தை இப்போதைக்கு வேண்டாமென்றால் குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை இன்னும் வசதி, அது உட்படலத்தை மெலிதாக வைத்திருக்கும். "கல்யாணமாகாத பிள்ளைக்கு அந்த மாத்திரையா" என்று பக்கத்து வீட்டில் கேட்பார்கள். கேட்கட்டும். அந்த மாத்திரையைச் சில வருடம் எடுத்தவர்களுக்கு உட்படலப் புற்றுநோய் குறைவதும், நிறுத்திப் பல வருடங்களுக்குப் பிறகும் அந்தப் பாதுகாப்பு நிலைப்பதும் பெரிய ஆய்வுகளில் தெளிவாகத் தெரிந்த விஷயம். பிரஷர், கடும் ஒற்றைத் தலைவலி, காலில் இரத்தம் உறைந்த வரலாறு இருந்தால் மட்டும் வேறு வழி பார்க்க வேண்டும்.

79 கிலோவில் நாலு, எட்டுக் கிலோ குறைந்தாலே பலருக்கு மாதவிடாய் தானாக ஒழுங்காகிறது.

குடும்பக் கட்டுப்பாட்டுக்கு மூன்று மாதத்துக்கொரு தடவை டீப்போ ஊசி போடுகிறேன். மாதவிடாயே வருவதில்லை. கெட்ட இரத்தம் உள்ளே தேங்கிப் புற்றுநோயாகுமா?
— வாசகி, பொகவந்தலாவை

தேங்க இரத்தமே இல்லை. ஊசியில் இருப்பது புரொஜெஸ்ரரோன் வகை; உட்படலம் வளரவே வளராது, அதனால் உதிர ஒன்றுமில்லை. இந்தப் புற்றுநோய்க்கு அது பாதுகாப்பு. மேலே சொன்ன பெண்ணுக்கு மாதவிடாய் வராததும் உங்களுக்கு வராததும் நேர் எதிர் காரணங்களால். ஊசியால் சிலருக்கு எடை ஏறும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் அம்மாவுக்கு 46 வயதில் கர்ப்பப்பைப் புற்றுநோய். மூன்று வருடத்துக்கு முன் இறந்துவிட்டார். மெலிந்தவர், சீனி இல்லை. அம்மாவின் தம்பி, என் மாமாவுக்கு 44 வயதில் பெருங்குடலில் ஒபரேஷன், இப்போது சுகம். அம்மாயி "வயிற்றுக் கட்டி" வந்து இறந்ததாகச் சொல்வார்கள். பெரியம்மா குடும்பம் எழுபதுகளில் இந்தியாவுக்குப் போய்க் கோத்தகிரி பக்கம் இருக்கிறது, தொடர்பில்லை. எனக்கு 31 வயது, இரண்டு பிள்ளைகள். அந்த மாமாவின் மகனையே கட்டியிருக்கிறேன். வம்ச நோயாக இருக்குமா?
— வாசகி, மஸ்கெலியா

இருக்கலாம், தேடிப் பார்க்க வேண்டிய குடும்பம் உங்களுடையது. கர்ப்பப்பையும் பெருங்குடலும் ஒரே குடும்பத்தில், அதுவும் 50க்கு முன் வருவது லின்ச் நோய்க்குறியின் அடையாளம். 1895இல் அமெரிக்காவில் வார்தின் என்ற நோயியல் மருத்துவரிடம் அவருடைய தையற்காரப் பெண், "எங்கள் வீட்டில் எல்லோரும் வயிறு, குடல், கர்ப்பப்பைப் புற்றுநோயில்தான் சாகிறோம், நானும் அப்படித்தான்" என்றார். அவர் சொன்னபடியே கர்ப்பப்பைப் புற்றுநோயில் இறந்தார். 1913இல் வார்தின் அந்தக் குடும்பத்தைப் பற்றி எழுதினார். பின்னால் ஹென்றி லின்ச் என்ற மருத்துவர் இப்படிப்பட்ட குடும்பங்களைத் திரட்டி 1966இல் வெளியிட்டார். அவர் பெயர்தான் நோய்க்கு.

கலம் ஒன்று இரண்டாகும்போது மரபணு எழுத்துக்களைப் படியெடுக்கும். அதில் விழும் எழுத்துப் பிழைகளைத் திருத்த ஒரு குழு உண்டு: எம்.எல்.எச்.1, எம்.எஸ்.எச்.2, எம்.எஸ்.எச்.6, பி.எம்.எஸ்.2 என்று நாலு மரபணுக்கள். இவற்றில் ஒன்றின் பழுதான பிரதியோடு பிறந்தவர்களுக்கு லின்ச். பழுது உள்ள பெண்களில் 75 வயதுக்குள் உட்படலப் புற்றுநோய் வருவது எம்.எஸ்.எச்.2 என்றால் 100க்கு சுமார் 49, எம்.எஸ்.எச்.6 என்றால் 41, எம்.எல்.எச்.1 என்றால் 37, பி.எம்.எஸ்.2 என்றால் 13. எடையால் கூடும் ஆபத்தோடு ஒப்பிட்டால் இது வேறு உலகம். ஆனால் உட்படலப் புற்றுநோய் வரும் 100 பேரில் சுமார் மூன்று பேருக்குத்தான் லின்ச். அதனால்தான் எல்லோரும் வம்சத்தை நினைத்துப் பயப்படத் தேவையில்லை, உங்களைப் போன்ற குடும்பங்கள் மட்டும் சும்மா இருந்துவிடக் கூடாது.

மருத்துவர்கள் பார்க்கும் பழைய கணக்கு மூன்று–இரண்டு–ஒன்று: இந்த வகைப் புற்றுநோய் மூன்று உறவினருக்கு, அவர்களில் ஒருவர் மற்ற இருவருக்கும் தாய், தகப்பன், பிள்ளை அல்லது கூடப்பிறந்தவர்; இரண்டு தலைமுறையில்; ஒருவருக்காவது 50க்கு முன். உங்களிடம் இரண்டு பேர் நிச்சயம், அம்மாயி மூன்றாவதாக இருக்கலாம். "வயிற்றுக் கட்டி" என்பது நம் ஆட்கள் குடலுக்கும் சொல்வார்கள், கர்ப்பப்பைக்கும் சொல்வார்கள், சூலகத்துக்கும் சொல்வார்கள். அம்மாயியின் மரணச் சான்றிதழில் காரணம் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் மலையகக் குடும்பங்கள் இரண்டாகப் பிரிந்ததில் இந்த மாதிரி நோய் வரலாறும் பிரிந்துபோனது. பெரியம்மா வீட்டுத் தொடர்பை எப்படியாவது தேடுங்கள். அவர்களுக்கு என்ன வந்தது என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும், அவர்களும் உங்கள் வீட்டு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பரிசோதனையை உங்களிடம் தொடங்கக் கூடாது, நோய் வந்தவரிடம்தான் தொடங்க வேண்டும். உங்கள் இரத்தத்தில் பழுது ஒன்றும் தெரியாவிட்டால், நீங்கள் தப்பித்தீர்களா, அல்லது வீட்டில் ஓடும் பழுது அந்தப் பரிசோதனைக்கு அகப்படவில்லையா என்று சொல்ல முடியாது. மாமா உயிரோடு இருப்பது அதிர்ஷ்டம். ஒபரேஷனில் எடுத்த கட்டியின் துண்டுகளை ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் மெழுகுக் கட்டிகளில் பதித்துப் பல வருடம் வைத்திருப்பார்கள். அம்மாவுடையதும் கிடைக்கலாம். கிளினிக் கொப்பி, ஆய்வுகூட ரிப்போர்ட், அதில் உள்ள இலக்கம் எல்லாவற்றையும் தேடி எடுத்து ஒரே பொலித்தீன் உறையில் போடுங்கள். மாமா காட்டும் புற்றுநோய்க் கிளினிக்கில், அந்தத் துண்டில் நாலு புரதங்களும் இருக்கின்றனவா என்று நிறமூட்டிப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். ஏதாவது ஒன்று இல்லையென்றால் அந்த மரபணுவை மாமாவின் இரத்தத்தில் தேடுவார்கள். கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் மரபியல் பிரிவு இருக்கிறது. மரபியல் ஆலோசனைக்கு அங்கே போகச் சிபாரிசுத் துண்டு கேட்கலாம். மாமாவிடம் இன்ன பழுது என்று தெரிந்த பிறகு உங்களுக்கும் மற்றவர்களுக்கும் அந்த ஒன்றை மட்டும் பார்த்தால் போதும், விடை ஆம் அல்லது இல்லை என்று தெளிவாக வரும்.

இனி கல்யாணக் கணக்கு. மாமாவிடம் பழுது உறுதியாகி, அம்மாவுக்கும் அதே இருந்ததென்று வைத்துக்கொண்டால், உங்களுக்கு வந்திருக்க இரண்டில் ஒன்று, உங்கள் கணவருக்கும் இரண்டில் ஒன்று. ஆண்களுக்கும் இது வரும், குடலில். அவர்கள் வழியாகப் பெண் பிள்ளைகளுக்கும் போகும். "அப்பா பக்கம்தானே" என்று விட்டுவிடுகிற குடும்பங்கள் இங்கேதான் ஏமாறுகின்றன. கணவன் மனைவி இருவரிடமும் இருக்க நாலில் ஒன்று வாய்ப்பு. அப்படி இருவரிடமும் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு பிரதியும் பழுதாக வர மறுபடி நாலில் ஒன்று. ஆக இன்றைக்கு ஒரு பிள்ளைக்குப் பதினாறில் ஒன்று. இரண்டும் பழுதானால் நோய் சிறுவயதிலேயே மூளை, இரத்தம், குடல் என்று வரும். தோலில் பால் தேத்தண்ணி நிறத்தில் பல படைகள் இருப்பது அதற்கு ஒரு அடையாளம். பிள்ளைகளுக்கு அப்படி இருந்தால் இதை உடனே டொக்டரிடம் சொல்லுங்கள். சொந்தத்தில் கட்டியது குற்றமில்லை. ஆனால் ஆலோசகரிடம் போகும்போது முதல் வரியிலேயே சொல்லவேண்டிய தகவல் அது.

உங்களிடம் பழுது உறுதியானால் செய்யவேண்டியவை: ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒரு தடவை கொலொனோஸ்கொபி என்ற குடல் கமெராப் பரிசோதனை. எம்.எல்.எச்.1, எம்.எஸ்.எச்.2 என்றால் 25 வயதிலிருந்தே, மற்ற இரண்டுக்கும் 35 வாக்கில் தொடங்குவார்கள். இதுதான் உயிரைக் காப்பாற்றும் என்று நன்றாக நிரூபணமானது. கருப்பைக்கு வருடாவருடம் பயொப்ஸி சில இடங்களில் செய்கிறார்கள், ஆனால் அதன் பலன் குடல் பரிசோதனை அளவுக்கு நிரூபணமாகவில்லை. பிள்ளைப்பேறு முடிந்த பிறகு, 35க்கும் 40க்கும் இடையில் கருப்பையையும் சூலகங்களையும் எடுத்துவிடுவதுதான் உறுதியான தடுப்பு, பி.எம்.எஸ்.2 என்றால் இன்னும் பொறுக்கலாம். 40 வயதில் சூலகத்தை எடுத்தால் எலும்பும் இருதயமும் பாதிக்கும், அதனால் 50 வயதுவரை ஈஸ்ட்ரஜன் மாத்திரை தரவேண்டும். கருப்பை இல்லாதவருக்கு ஈஸ்ட்ரஜனைத் தனியாகத் தரலாம், உட்படலம்தான் போய்விட்டதே. இதைக் கேட்காமல் ஒபரேஷனுக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.

அஸ்பிரின் 600 மில்லிகிராம் தினமும் இரண்டு வருடமாவது எடுத்த லின்ச் நோயாளிகளுக்குக் குடல் புற்றுநோய் குறைந்ததை ஒரு பெரிய பரிசோதனை காட்டியது. கருப்பைக்கு அப்படித் தெளிவாகக் காட்டவில்லை. அஸ்பிரின் குடற்புண்ணில் இரத்தம் கசியவைக்கும். கடையில் வாங்கி நீங்களாகத் தொடங்க வேண்டாம்.

66 வயது அம்மாவுக்குக் கர்ப்பப்பை ஒபரேஷன் முடிந்தது. 82 கிலோ, சீனியும் உண்டு. ரிப்போர்ட்டில் எம்.எல்.எச்.1, பி.எம்.எஸ்.2 இரண்டும் இல்லை என்று எழுதியிருக்கிறது. மேலே சொன்ன வம்ச நோயா? நாங்கள் மூன்று பெண் பிள்ளைகள்.
— வாசகி, கம்பளை

அநேகமாக இல்லை. பி.எம்.எஸ்.2 புரதம் எம்.எல்.எச்.1 என்ற ஜோடி இல்லாமல் நிற்காது. முதலாவது போனால் இரண்டாவதும் போகும். எனவே போனது ஒன்றுதான். வயதானவர்களில் எம்.எல்.எச்.1 பெரும்பாலும் கட்டிக்குள் மட்டும் அணைந்துபோகிறது. மரபணுவில் பழுதில்லை, அதன் சுவிட்சில் மெதைல் என்ற இரசாயனம் ஒட்டி அடைத்துவிட்டது. அதைப் பிள்ளைகளுக்குக் கடத்துவதில்லை. "மெதைல் பரிசோதனை செய்தீர்களா" என்று ரிப்போர்ட்டைக் காட்டிக் கேளுங்கள். ஒட்டியிருக்கிறது என்று வந்தால் வம்சக் கவலை ஏறக்குறைய முடிந்தது. இல்லையென்று வந்தால் இரத்தத்தில் பார்க்க வேண்டும். எம்.எஸ்.எச்.2, எம்.எஸ்.எச்.6 இல்லையென்று வந்திருந்தால் பதில் வேறாக இருந்திருக்கும்.

அம்மாவின் சீனியையும் பிரஷரையும் விட்டுவிடாதீர்கள். ஆரம்பக் கட்டத்தில் பிடித்து ஒபரேஷன் செய்த பெண்களில் பின்னால் உயிரைப் பறிப்பது அதிகமும் இருதய நோய்தான், இந்தப் புற்றுநோய் அல்ல.

48 வயது, 74 கிலோ. மாதவிடாய் பதினைந்து நாள் போகிறது. பயொப்ஸியில் உட்படலம் தடித்திருக்கிறது, புற்றுநோய் இல்லை, லூப் போடலாம் என்றார்கள். மிட்வைப் மிஸ்ஸிடம் லூப் இலவசமாகவே இருக்கிறதே, அதைப் போட்டுக்கொள்ளலாமா?
— வாசகி, வெலிமடை

நல்ல நேரத்தில் கேட்டீர்கள். இரண்டும் ஒன்றல்ல. லூப் என்பது கருப்பைக்குள் வைக்கும் சின்னக் கருவி. மிட்வைப்பிடம் இருப்பது செம்புக் கம்பி சுற்றிய லூப். அது கருத்தரிப்பைத் தடுக்கும், உட்படலத் தடிப்பைக் குறைக்காது, இரத்தப்போக்கை இன்னும் கூட்டும். உங்களுக்குச் சொன்னது லெவோநோர்ஜெஸ்ட்ரல் என்ற ஹோர்மோனைக் கொஞ்சங் கொஞ்சமாக விடும் லூப். பார்க்க ஒரே மாதிரி ஆங்கில 'ரி' எழுத்து வடிவில் இருக்கும். அது கிடைக்காவிட்டால் மெட்ரொக்ஸிபுரொஜெஸ்ரரோன் மாத்திரையை நாளைக்கு 10 முதல் 20 மில்லிகிராம், விடாமல் ஆறு மாதம் தரலாம். பத்து நாள் போட்டு நிறுத்தும் முறை இதற்குப் போதாது.

ரிப்போர்ட்டில் ஒரு சொல்லைத் தேடுங்கள்: கலங்களின் உருவம் மாறியிருக்கிறதா, இல்லையா. மாறாத தடிப்பு இருபது வருடத்தில் புற்றுநோயாவது 100க்கு 5க்கும் குறைவு; மருந்தும் எடைக் குறைப்பும் போதும், ஆறு மாதத்துக்கொரு தடவை திரும்பப் பயொப்ஸி. உருவம் மாறியிருந்தால் பக்கத்திலேயே புற்றுநோய் மறைந்திருக்கக் கூடிய வாய்ப்பு கணிசமானது, அப்போது கருப்பையை எடுப்பதே வழி. இரத்தம் நின்றுவிட்டது என்று ஆறாம் மாதப் பயொப்ஸிக்குப் போகாமல் விடுவதுதான் இந்த வைத்தியம் தோற்கும் இடம். ஒரு நாள் பேர், அதாவது கூலி, போய்விடும் என்று பார்க்காதீர்கள். பதினைந்து நாள் இரத்தம் போயிருப்பதால் ஈமோகுளோபினையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒரு துணி நனைந்து, தலை சுற்றினால் 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம்.

மார்பகப் புற்றுநோய்க்குத் தமொக்ஸிபென் சாப்பிடுகிறேன், 59 வயது. அது கர்ப்பப்பையில் புற்றுநோய் உண்டாக்கும் என்று படித்தேன். நிறுத்திவிடலாமா?
— வாசகி, பதுளை

நிறுத்த வேண்டாம். மாதவிடாய் நின்றவர்களுக்கு அது உட்படலப் புற்றுநோயை இரண்டு மூன்று மடங்காக்குவது உண்மை. ஆனால் மார்பகப் புற்றுநோய் திரும்புவதை அது தடுக்கும் அளவு அதைவிட மிகப் பெரியது. இரத்தம் படாதவரை வருடாவருடம் ஸ்கேன் செய்வதிலும் பயனில்லை. தமொக்ஸிபென் உட்படலத்துக்குக் கீழே நீர்க் குமிழிகளை உண்டாக்கும். ஸ்கேனில் அது தடிப்பாகத் தெரிந்து, தேவையில்லாத பயொப்ஸியில் கொண்டுபோய் விடும். இரத்தம் பட்டால் மட்டும், அது எவ்வளவு கொஞ்சமானாலும், அடுத்த கிளினிக் நாள்வரை காத்திராமல் போங்கள்.